வைரமுதுகு அந்துப்பூச்சியும் மண்வாழ் பாக்டீரியாவும்

முட்டைக்கோஸ், காலிபிளவர் பயிரிடும் உழவர் பெருமக்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலையைச் சல்லடையாக்கிவிடும் அந்தச் சிறு பச்சைப் புழுவைப் பார்க்காத கோஸ் தோட்டமே இல்லை எனலாம். இப்புழுவைக் கட்டுப்படுத்த நாங்கள் பரிந்துரைக்கும் மருந்துகளுள் ஒன்று ‘பி.டி.’ எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். இது உண்மையில் மருந்தன்று. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. புழுவும் உயிர், அதைக் கொல்வதும் உயிர். இரண்டு உயிர்களின் வாழ்க்கை முறையையும் அறிந்துகொண்டால்தான் தெளிக்கும் பொருளுக்குப் பலன் கிடைக்கும். இதை நான் உணர்ந்தது வகுப்பறையில் அன்று, ஓர் உழவரின் வயலில்.

தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் அரை ஏக்கரில் கோஸ் நட்டிருந்த ஒருவருக்குப் பி.டி. தெளிக்கும்படி கூறி, அளவையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் ஒரு மாலையில் தெளித்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் புழுக்கள் இலையில் அப்படியே இருந்தன. தொட்டால் நெளிந்தன. ‘ஏமாந்துவிட்டோம்’ என்று எண்ணி, கடைக்குப் போய் ஓர் இரசாயன மருந்தை வாங்கி வந்து அன்றே அடித்துவிட்டார். கடைசி நான்கு வரிசைகளுக்கு அந்த மருந்து போதவில்லை. மூன்றாம் நாள் நான் போனபோது, “என்ன சார், நீங்க சொன்ன பொடி மாவு மாதிரி இருக்கு. ஒரு நெடி இல்ல, புழுவும் சாகல” என்றார். இருவரும் அந்த நான்கு வரிசைகளைப் போய்ப் பார்த்தோம். அங்கும் புழுக்கள் கறுத்து, துவண்டு, இலையோடு ஒட்டிக் கிடந்தன. அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

தவறு என்னுடையது. அளவைச் சொன்னேன்; அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஒரு மருந்தின் விலையும் ஒரு நாள் கூலியும் அவருக்கு வீணாயின.

பூச்சியின் வாழ்க்கை

இந்த அந்துப்பூச்சி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுடையது. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். இறக்கைகளை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது முதுகின் மேல் வெளிர்நிறத்தில் வைர வடிவங்கள் வரிசையாகத் தெரியும். புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா என்பது இதன் அறிவியல் பெயர். இந்தியாவில் இது 1914-ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டுள்ளது.

பெண் அந்து இலையின் அடிப்பக்கத்தில், நரம்புகளை ஒட்டி, மஞ்சள் நிற முட்டைகளைத் தனித்தனியாகவோ சிறு குழுக்களாகவோ இடும். முட்டை மிகச் சிறியது. குனிந்து தேடினால்தான் தெரியும். சில நாட்களில் வெளிவரும் இளம்புழு முதலில் இலைத் தோலுக்குள் நுழைந்து சுரங்கம் போட்டுத் தின்னும். பின்னர் வெளியே வந்து இலையின் அடிப்பகுதியைச் சுரண்டும். மேல்தோல் மட்டும் மிஞ்சுவதால் இலையில் கண்ணாடிச் சன்னல் வைத்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். நான்கு பருவங்கள் வளர்ந்த புழு, இரு முனையும் கூம்பி, ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும். தொட்டால் வேகமாக நெளிந்து, நூலைவிட்டுத் தொங்கும். இலையிலேயே வலைபோன்ற கூடு பின்னி அதனுள் கூட்டுப்புழுவாகும். வெப்பமான இடங்களில் இவையெல்லாம் இரண்டு, மூன்று வாரங்களில் முடிந்துவிடும். மலைக்குளிரில் கூடுதல் நாட்களாகும்.

கணக்குக்காக ஒரு பெண் அந்து 150 முட்டை இடுவதாகக் கொள்வோம். அவற்றுள் பாதி பெண். எல்லாம் பிழைத்தால் அடுத்த தலைமுறையில் 75 தாய்கள். அவற்றின் முட்டை 11,250. ஒரு கோஸ் பயிர் வயலில் நிற்கும் காலத்திற்குள் மூன்று, நான்கு தலைமுறைகள் வந்துவிடலாம். எல்லாம் பிழைப்பதில்லை என்பதுதான் நமக்குள்ள ஆறுதல். மழை அடித்துச் செல்லும். சிலந்தியும் குளவியும் தின்னும்.

பாக்டீரியாவின் வாழ்க்கை

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஒரு குச்சி வடிவ நுண்ணுயிர். நீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் மூன்று முதல் ஐந்து பங்கு. முனையோடு முனை சேர்த்து அடுக்கினால் ஒரு மில்லிமீட்டருக்குள் 200-க்கு மேல் அடங்கும். மண்ணிலும், இலைகளின் மேலும், தானியக் கிடங்குகளின் தூசியிலும், பட்டுப்புழு மனைகளிலும் இது காணப்படுகிறது.

அந்து இரண்டு வாரங்களில் செய்வதை இது அரை மணி நேரத்தில் செய்யும். ஒன்று இரண்டாகப் பிளந்துவிடும். நல்ல உணவும் சூடும் இருந்து, அரை மணிக்கு ஒருமுறை பிளந்தால் பத்து மணி நேரத்தில் ஒன்று பத்து இலட்சத்தைத் தாண்டும். ஆனால் அப்படிப்பட்ட விருந்து மண்ணில் எப்போதோதான் கிடைக்கிறது. உணவு தீர்ந்ததும் இந்தப் பாக்டீரியா தன்னைச் சுருக்கி, கடினமான உறைக்குள் வித்தாக மாறிவிடும். வறட்சியையும் வெப்பத்தையும் அந்த வித்து தாங்கும். விதைநெல்லைக் குதிரில் போட்டு வைப்பதுபோல் அது தன்னையே சேமித்து வைத்துக்கொள்கிறது.

அந்துப்பூச்சிக்கு இந்த வசதி இல்லை. அதற்கு உறக்க காலமே கிடையாது. கோஸ், காலிபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு ஆகிய ஒரே குடும்பப் பயிர்களில்தான் அது வாழ முடியும். அக்குடும்பத்திற்கே உரிய காரநெடிப் பொருள்கள்தாம் முட்டையிட அதை அழைக்கின்றன. இக்குடும்பப் பயிரும் களையும் இல்லாத இடத்தில் அது பெருக இயலாது. ஓர் ஊரில் எல்லோரும் சேர்ந்து ஒரு பருவத்திற்குக் கோஸ் குடும்பப் பயிர்களை நிறுத்தி, அறுவடையான வயலில் நிற்கும் தூர்களையும் உழுது புதைத்தால், எந்த மருந்தும் செய்யாததை அது செய்யும். ஒருவர் மட்டும் செய்து பயனில்லை என்பதால்தான் இது நடப்பதில்லை. காரணம், இப்பூச்சி தானாக நெடுந்தூரம் பறக்க வலுவற்றதாயினும் காற்றோடு போகும். ஐரோப்பாவில் கடலைக் கடந்தே பிரிட்டனுக்குப் போய்ச் சேர்கிறது. உங்கள் பக்கத்து வயல் அதற்கு ஒரு தூரமா?

பாக்டீரியாவோ தானாக எங்கும் போகாது. நீங்கள் தெளித்த இலையில்தான் இருக்கும். இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ‘உயிருள்ள பொருள்தானே, ஒருமுறை விட்டால் வயலில் பெருகிக்கொள்ளும்’ என்று எண்ணுகிறார்கள். பச்சைக் காய்ப்புழுவுக்குத் தெளிக்கும் என்.பி.வி. வைரஸ் அப்படி ஓரளவு பரவும். செத்த புழு தலைகீழாகத் தொங்கி, உடல் வெடித்து, அந்த நீர் மற்ற புழுக்களுக்கு நோயைக் கொடுக்கும். பி.டி. அப்படிப்பட்டதன்று. ஒரு புழுவிலிருந்து மற்றொன்றுக்குப் பரவி ஊர் முழுவதும் கொள்ளைநோயாவது அரிது. வெயிலும் அதற்குப் பகை. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வித்து, இலையின் மேல் வெயில் பட்டால் சில நாட்களில் வலுவிழந்துவிடும்.

கொல்வது எப்படி?

இந்தப் பாக்டீரியா வித்தாக மாறும் தருணத்தில் பக்கத்திலேயே ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. நீங்கள் வாங்கும் பொடியில் இருப்பவை வித்துக்களும் இப்படிகங்களும். புழுவை முதலில் தாக்குவது படிகமே.

இப்படிகம் புளிப்பான கரைசலில் கரைந்து நஞ்சாவதில்லை. சலவைச் சோடா கரைத்த நீரைப்போன்ற காரத்தன்மை இருந்தால்தான் அது கரையும். அந்துப்பூச்சிகளின் புழுவுடைய நடுக்குடல் அத்தகைய காரத்தன்மை உடையது. இலையோடு உள்ளே போன படிகம் அங்கே கரைகிறது. குடல்நீர் அதை வெட்டிச் சிறிதாக்குகிறது. சிறிதான நஞ்சு குடற்சுவரில் தனக்கென்று உள்ள இடங்களைப் பற்றிக்கொண்டு துளை போடுகிறது. குடல் செயலற்றுப் போகிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும். குடலில் உள்ளவை உடலுக்குள் கசிந்து, வித்துக்களும் முளைத்துப் பெருகி, இரண்டு மூன்று நாட்களில் புழு சாகும்.

அந்த உழவர் மறுநாள் காலையில் பார்த்த புழுக்கள் உயிரோடுதான் இருந்தன, ஆனால் தின்னவில்லை. தெளித்த மறுநாள் பார்க்க வேண்டியது புழு சாகிறதா என்பதை அன்று, இலையில் புதிய ஓட்டை விழுகிறதா என்பதை. இலைக்குக் கீழே பசுமையான புதிய எச்சம் இல்லையென்றால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளுங்கள்.

மனிதருடைய இரைப்பையில் இருப்பது புளிப்பு. புழுவின் குடலில் உள்ள பற்றுமிடங்களும் நமக்கில்லை. எனவே நமக்கு இப்படிகம் நஞ்சாவதில்லை. ஆடு மாடுகளும் அவ்வாறே. ஆயினும் தெளிக்கும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்வது நல்லது. எந்தப் பொடியானாலும் கண்ணில் விழுந்தால் உறுத்தும்.

படிகம் உள்ளே போனால்தான் கொல்லும் என்பதிலிருந்து வேறு சில செய்திகளும் தாமே விளங்கும். அந்துப்பூச்சி இலையைத் தின்பதில்லை. ஆகவே அது சாகாது. முட்டையும் சாகாது. இலைத் தோலுக்குள் சுரங்கத்தில் இருக்கும் முதற்பருவப் புழுவை மேலே தெளித்த பொடி எட்டாது. அது வெளியே வந்து சுரண்டத் தொடங்கும்போதுதான் அகப்படும். முற்றிய புழுவைவிட இளம்புழுவே எளிதில் சாகும். கோஸ் குருத்தின் உள்ளே புகுந்துவிட்ட புழுவுக்கு எதைத் தெளித்தும் பெரும்பயன் இல்லை.

எதிர்ப்புத்திறன்

உயிரியல் மருந்து என்றால் பூச்சி அதற்குப் பழகாது என்று ஒரு காலத்தில் நாங்களே பேசினோம். இந்த அந்துப்பூச்சி அதைப் பொய்யாக்கியது. 1953-இல் ஜாவாவில் டி.டி.டி.க்கு எதிர்ப்புத்திறன் பெற்றதாக அறிவிக்கப்பட்ட பூச்சி இதுதான். அதன்பின் வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகத் தாங்கப் பழகியது. 1990-இல், ஹவாய்த் தீவுகளில் அடிக்கடி பி.டி. தெளித்த வயல்களில் இப்பூச்சி அதையும் தாங்கி நின்றதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். திறந்த வயலில் பி.டி. தெளிப்புக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற முதற்பூச்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

இது எப்படி நேர்கிறது? ஆயிரக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டுக்குக் குடற்சுவரில் அந்தப் பற்றுமிடம் சற்று மாறியிருக்கும். நஞ்சு பிடிக்க இடம் இல்லை. மற்றவை செத்தபின் அவை மட்டும் பிழைத்து, தம்முள் கூடி முட்டையிடும். மேலே சொன்ன 75 தாய், 11,250 முட்டை என்ற கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. வாரந்தோறும் அதே பொடியைத் தெளித்துக்கொண்டிருந்தால் எஞ்சுபவை பிழைக்கும் குலம் மட்டுமே.

பருத்தி விளைவிப்போருக்கு இது புதிதன்று. இதே பாக்டீரியாவின் படிகப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைப் புகுத்திய பி.டி. பருத்திக்கு 2002-இல் இந்தியாவில் அனுமதி தரப்பட்டது. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் முதல் வகையைத் தாங்கிவிட்டது தெரியவந்தது. செடியே இரவும் பகலும் நஞ்சை வைத்துக்கொண்டிருந்தால் புழுவுக்கும் பழக இரவும் பகலும் கிடைக்கும். தெளிக்கும் பி.டி.யில் அந்த அளவுக்கு நெருக்கடி இல்லை. வெயில் சில நாட்களில் அழித்துவிடுகிறது. வெயிலால் நமக்கு இழப்பு என்று குறைபட்டுக்கொள்கிறோம். இந்த ஒரு வகையில் அது நன்மையே.

ஆகவே தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் பி.டி. தெளிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இடையில் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றைத் தெளியுங்கள். ஐந்து கிலோ வேப்பம் பருப்பை இடித்து, நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கினால் ஐந்து சதம். கடுகைப் பொறிப்பயிராக வரிசைகளுக்கிடையே விதைப்பதும் நல்லது. கோஸை விடக் கடுகையே இந்த அந்து விரும்பும். அந்தக் கடுகில் சேரும் புழுவைக் கவனித்து அழிக்காமல் விட்டால் மட்டும், நாமே பண்ணை வைத்து வளர்த்தது போலாகும். குளிர்ந்த மலைப்பகுதிகளில் டயடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியும் சமவெளிகளில் கொட்டேசியா என்ற குளவியும் இப்புழுவின் உடலில் முட்டையிட்டு அழிக்கின்றன. பி.டி. இக்குளவிகளை நேரடியாகக் கொல்வதில்லை. அந்த உழவர் மறுநாள் அடித்த இரசாயன மருந்து கொன்றிருக்கும்.

தெளிக்கும்போது

செடிக்கு இரண்டு புழு என்ற அளவு வந்ததும் தெளிக்கலாம். குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடிகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள். சராசரி எடுங்கள். கோஸ் கட்டத் தொடங்கும் பருவத்திலேயே பார்த்தால் புழு இளையதாக, வெளியில் இருக்கும். பொடியானால் லிட்டர் நீருக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரை வேண்டியிருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு வலு மாறுவதால் உறையில் அச்சிட்டுள்ள அளவையே பின்பற்றுங்கள். உறையில் காலாவதித் தேதியையும் பாருங்கள். கடையில் தகரக் கூரையின் கீழ் வெயிலில் அடுக்கி வைத்திருந்த பொட்டலத்தை வாங்காதீர்கள்.

மாலை நான்கு மணிக்குமேல் தெளிப்பதே சரி. வெயில் தாழ்ந்திருக்கும், இரவு முழுவதும் புழு தின்னும். கோஸ் இலையில் மெழுகு பூசியதுபோல் இருப்பதால் தண்ணீர் முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்துவிடும். எனவே ஒட்டும் திரவம் கட்டாயம் சேர்க்க வேண்டும். கைத்தெளிப்பானின் முனையை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கத்தை நனையுங்கள். புழு அங்கேதான் இருக்கிறது. பொடி அடியில் படியும் இயல்புடையது. அவ்வப்போது கலக்கிக்கொள்ளுங்கள். அன்றிரவே நல்ல மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. உங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர்ப்பாகவும் காரமாகவும் இருந்தால், புழுவின் குடலில் கரைய வேண்டிய படிகம் தெளிப்பானிலேயே கரையத் தொடங்கிவிடும். கார அமில நிலை எட்டுக்கு மேல் போகாத நீரே இதற்கு ஏற்றது. மண் ஆய்வுக்கூடத்தில் நீரையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காரமாயிருந்தால் ஏரிநீரோ மழைநீரோ கொண்டுவந்து கலக்குவது நல்லது. இதே காரணத்தால் சுண்ணாம்பு கலந்த போர்டோ கலவையுடன் சேர்த்துத் தெளிக்கக் கூடாது. கலக்கிய கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பட்டுப்புழு வளர்ப்போர் கவனத்திற்கு

இந்தப் பாக்டீரியாவின் வரலாற்றில் நம் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி ஒன்று உண்டு. இது முதன்முதலில் கண்டறியப்பட்டது பயிர்ப்பூச்சியில் அன்று. 1901-இல் ஜப்பானில் ஷிகெடானே இஷிவாடா என்பவர், திடீரென்று துவண்டு சாகும் பட்டுப்புழுக்களிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அங்கே இது நோய்க்கிருமி. 1911-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் என்பவர் துரிஞ்சியா பகுதியிலிருந்து வந்த மாவு அந்துப்பூச்சியின் புழுக்களில் இதைக் கண்டு, அந்த ஊரின் பெயரையே வைத்தார். 1938-இல்தான் பிரான்சில் இது பூச்சிமருந்தாக விற்பனைக்கு வந்தது.

பட்டுப்பூச்சியும் ஓர் அந்துப்பூச்சியே. அதன் புழுவின் குடலும் காரத்தன்மை உடையதே. கோஸ் புழுவையும் பட்டுப்புழுவையும் பாக்டீரியா பிரித்தறியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் கோஸ் வயலும் மல்பெரித் தோட்டமும் ஒரே வரப்பில் இருப்பதைக் காண்கிறோம். மல்பெரியை ஒட்டிய கோஸ் வயலில் பி.டி. தெளிக்காமல் விடுவதே நல்லது. வேப்பங்கொட்டைச் சாறும் பட்டுப்புழுவுக்கு ஆகாது என்பதால் அங்கே கடுகுப் பொறிப்பயிரையும் குளவிகளையும் கைப்பொறுக்கலையுமே நம்பவேண்டும். தொலைவில் தெளித்தாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். அந்தத் தெளிப்பானை மல்பெரிக்குப் பயன்படுத்தாதீர்கள். தெளித்த உடையோடும் கையோடும் புழு வளர்ப்பு மனைக்குள் போகாதீர்கள். போவதானால் குளித்து, உடை மாற்றிக்கொண்டு போங்கள்.

நான் சொன்ன உழவரின் வயலுக்குக் கிழக்கே, இரண்டு வயல் தள்ளி, அவருடைய தம்பியின் மல்பெரித் தோட்டம் இருந்தது. பரிந்துரை எழுதிக் கொடுத்த அன்று நான் அதைக் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. கூடு விற்று முடித்து, மனையைக் கழுவிக் காயவைத்திருந்த நேரமாதலால் தப்பித்தோம். இப்போது கோஸ் வயலுக்குப் போனால் இலையைத் திருப்புவதற்கு முன்பே, “பக்கத்தில் யாராவது புழு வளர்க்கிறார்களா?” என்று கேட்டுவிடுகிறேன்.